வலி தணிக்கும் மார்ஃபின்: மார்க்கம் என்ன சொல்கிறது? சட்டப்படி பெறுவது எப்படி?

 

 அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

புற்றுநோய் முற்றிய நிலையில் பலருக்கு எலும்பைக் குடைவது போன்ற வலி வருகிறது. சாதாரண மாத்திரைக்கு அது அடங்குவதில்லை. மருத்துவர் மார்ஃபின் எழுதித் தருகிறார். "அது அபினிலிருந்து எடுப்பதாமே, போதையாமே, ஹராமாச்சே" என்று வீட்டார் வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள். பெற்ற தாய் இரவெல்லாம் துடிக்கிறாள். பிள்ளைகள் பேணுதலாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இது உண்மையில் பேணுதல்தானா என்பதை இன்று பார்ப்போம்.

போதை ஹராம், அதில் இரண்டு கருத்து இல்லை

மது ஷைத்தானின் அருவருப்பான செயல் என்றும், அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அல்மாயிதா சூராவின் 90வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். தாரிக் பின் ஸுவைத் (ரலி) அவர்கள், மருந்துக்காக மது தயாரிப்பது பற்றிக் கேட்டபோது, அது மருந்தல்ல, நோய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் (முஸ்லிம்). ஆகவே "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு போதையைத் தொட யாருக்கும் வழியில்லை.

நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு

அதே மார்க்கம்தான் நிர்ப்பந்தத்திற்கும் வழி வைத்திருக்கிறது. விரும்பாமலும் வரம்பு மீறாமலும் நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பது அல்பகரா சூராவின் 173வது வசனத்தின் கருத்து. ஆண்களுக்குப் பட்டு ஹராம். ஆனால் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அரிப்புக்கே சலுகை என்றால், எலும்பில் பரவிய புற்றின் வலி எம்மாத்திரம் என்று சிந்தியுங்கள்.

அழுகிய உறுப்பை வெட்டி எடுக்கும்போது, புத்தியை மறக்கச் செய்யும் மூலிகையைக் கொடுக்கலாமா என்று ஃபிக்ஹு அறிஞர்கள் அன்றே பேசியிருக்கிறார்கள். தேவை இருந்தால் கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நிபந்தனைகள் நான்கு. அதே பலன் தரும் வேறு மருந்து இல்லாதிருக்க வேண்டும். நம்பகமான மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். தேவையான அளவைத் தாண்டக் கூடாது. நோக்கம் வலி நீங்குவதாக இருக்க வேண்டும், கிறக்கம் அனுபவிப்பதாக இருக்கக் கூடாது.

பிறர் மீது பொறுமையைத் திணிக்காதீர்கள்

"பொறுத்துக்கொள்ளட்டும், பாவம் மன்னிக்கப்படும்" என்று சிலர் சொல்வார்கள். முள் குத்தினாலும் பாவம் மன்னிக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் வலிப்பு நோயால் துன்பப்பட்ட பெண்மணி நபியவர்களிடம் வந்தபோது என்ன நடந்தது? பொறுமையா, குணமடைய துஆவா என்று தேர்வு செய்யும் உரிமையை அவரிடமே கொடுத்தார்கள். அவரே பொறுமையைத் தேர்ந்தெடுத்தார் (புகாரி, முஸ்லிம்). வலியைச் சுமப்பவர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகனோ அவருக்காகப் பொறுமையைத் தேர்வு செய்ய முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடுமையான தண்டனைக்கும் பல உரிமங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே நிறுத்தின. நாடு முழுவதும் அதன் பயன்பாடு சரிந்து 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. கோழிக்கோட்டில் 1993இல் வலி நிவாரண சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல்லாண்டு போராடினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் "இன்றியமையாத" மருந்துகளாக வகைப்படுத்தப்பட்டு, நாடு முழுவதும் ஒரே விதி வந்தது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபினை வைத்திருந்து நோயாளிகளுக்கு வழங்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம், "வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள்.
2. பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நோயாளி வர முடியாவிட்டால் யார் வாங்கலாம் என்பதை அங்கேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
3. படுக்கையில் இருப்பவர்களுக்கு, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அமானிதமாகப் பயன்படுத்துங்கள்

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். அதனால் வலி வந்த பிறகு கொடுக்காமல், மருத்துவர் சொன்ன நேரப்படி கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தும் சேர்ந்தே எழுதித் தருவார்கள். அதை விட்டுவிடாதீர்கள். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது. அளவு மீறினால் மூச்சு தடைபடும். எழுப்பியும் விழிக்காவிட்டாலோ மூச்சு மிக மெதுவானாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். முதுகுவலி என்று கேட்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், மார்க்கப்படி மோசடி. நோயாளி மௌத்தாகிவிட்டால் மீதியைக் கொடுத்த இடத்திலேயே ஒப்படையுங்கள்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்பவர், மருந்துச் சீட்டு இருக்கிறதே என்று மார்ஃபினைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டாம். சவூதி அரசிடம் முன்னனுமதி பெறுவது அவசியம்.

கஞ்சா எண்ணெய் பற்றி

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மருத்துவர் சான்றளித்தால் நோயாளிக்குக் கஞ்சா அட்டை தருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே புற்றைக் குணமாக்கும் என்று யாரோ விற்கும் எண்ணெயை வாங்காதீர்கள். நம் நாட்டில் அப்படி ஓர் அட்டை முறை இல்லை. கஞ்சா வைத்திருந்தால் வழக்கு வரும். கஞ்சா புற்றைக் குணமாக்கும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை.

தொழுகை

மருந்தால் தூங்கிவிட்டவர் விழித்ததும் தொழட்டும். தெளிவாக இருக்கும் நேரத்திற்கு ஏற்ப மருந்தின் நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உட்கார்ந்தோ படுத்தோ சைகையாலோ தொழலாம். கூடுதல் விவரங்களுக்கு உங்கள் ஊர் ஆலிமை அணுகுங்கள். வலியில் கலிமாகூடச் சொல்ல முடியாமல் தவித்தவர், வலி அடங்கியபின் நிம்மதியாக திக்ரு செய்கிறார் என்றால், அதுவும் அல்லாஹ்வின் ரஹ்மத்துதான்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களின் வலியை லேசாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளைப் போதையிலிருந்து பாதுகாப்பாயாக! இறுதி மூச்சில் கலிமாவை நஸீபாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.