சாரலுக்கும் வாசற்படிக்கும் ஏற்ற காலணி

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் நடக்கச் சிரமப்படும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு நடைப்பயிற்சியும் காலிபரும் (காலைத் தாங்கும் கருவி) கிடைக்கின்றன. அந்தக் காலிபரின் மேல் மாட்டுவது பெரும்பாலும் கடையில் வாங்கிய பள்ளி ஷூதான். அது சரியாகப் பொருந்தாமல் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிள்ளைக்கென்று காலணி தைக்கக் கொடுக்கும் முன் பிசியோதெரபிஸ்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: கையால் திருப்பினால் பாதம் நேராகிறதா? நேரானால், அந்த நிலையில் தாங்கிப் பிடிக்கும் காலணி வேண்டும். இறுகிப்போன பாதமென்றால் அதன் வளைவுக்கு இடம் விட வேண்டும். இறுகியதை ஷூவால் நிமிர்த்தப் பார்த்தால் புண்தான் மிஞ்சும்.

அளவை மாலையில் எடுங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பிள்ளையைப் பிடித்து நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு பாதங்களையும் தனித்தனியே வரையுங்கள். ஸ்பிளிண்ட் (பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை) போடும் பிள்ளைக்குச் சாக்ஸும் ஸ்பிளிண்டும் போட்டபடியே வரைய வேண்டும். விரலுக்கு முன் ஒரு செ.மீ. போதும். வளர்கிற பிள்ளை என்று கூட்டி வைத்தால் தடுக்கி விழும்.

உள்ளடிக்கு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர்) என்னும் மெத்தென்ற ரப்பர். தொழுநோயால் மரத்த பாதங்களுக்காக வேலூர், கரிகிரிப் பக்கம் பழக்கத்துக்கு வந்தது அது. அடியில் வழுக்காத கெட்டி ரப்பர், குதிகாலில் விறைப்பான தாங்கல். ஆணி வேண்டாம், ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. அந்த வழக்கத்தோடு மல்லுக்கட்டுவது வீண். எளிதாகப் போட்டுக் கழற்றக் காலணியின் வாய் விரல்வரை திறக்கட்டும். பிள்ளையே இழுத்து ஒட்டும்படி இரண்டு அகலமான வெல்க்ரோ பட்டைகள் இருக்கட்டும். தாங்கல் இல்லாமல் நடக்க முடியாத பிள்ளைக்கு வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி வேண்டும். இரட்டைச் செலவுதான், ஆனாலும் அவசியம்.

முதல் நாள் 20 நிமிடம் போட்டுக் கழற்றி, குதிகால், கணுக்கால் எலும்பு, சுண்டுவிரல் ஓரம் பாருங்கள். அரை மணி நேரத்தில் சிவப்பு மறையாவிட்டால் திருத்தக் கொடுங்கள். முதுகுத்தண்டுப் பிறவிக் குறை உள்ள பிள்ளைக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம், வலிக்கிறதென்று சொல்லாது. அந்தப் பிள்ளையின் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள்.

ஜூன் முதல் குற்றாலச் சீசன். சாரலில் நனைந்த தோல் மேல்பாகத்தில் பூசணம் பிடிக்கும்; ஈரச் சாக்ஸ் பாதத்தின் தோலை உரிக்கும். மேல்பாகம் ரெக்சினிலோ சீக்கிரம் உலரும் துணியிலோ இருப்பது நல்லது. மாற்றுச் சாக்ஸ் பையில் இருக்கட்டும். ஸ்பிளிண்டை அடுப்படியில் காய வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும். துடைத்து மின்விசிறியடியில் வையுங்கள். வெல்க்ரோவில் சிக்கும் மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடலாம். பிடிப்பு விட்டால் பட்டையை மட்டும் மாற்றித் தைத்தால் போதும்.