நிலம் இல்லையா? வெயில் இருக்கிறது!

சோலார் பம்ப்செட் மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் முதலில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். பட்டா பெரும்பாலும் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோதான் இருக்கும். அதனாலேயே பெண்களும் இளைஞர்களும் ‘இது நமக்கில்லை’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால், பம்ப் வாங்குகிறவருக்கு அது செலவு. அதைப் பழுது பார்ப்பவருக்கும், வெயிலில் விளைபொருளைக் காயவைத்து விற்பவருக்கும் வருமானம். இந்த வேலைகளுக்குப் பட்டா வேண்டாம்.

பம்ப் மெக்கானிக்

சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டம் 2019இல் தொடங்கியது. இதில் சோலார் பம்ப்செட் போட்டுக்கொடுக்கும் நிறுவனமே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்ததும் விவசாயி யாரைக் கூப்பிடுவார்? உள்ளூர் ஆளைத்தான்.

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் படித்தவர்களுக்கு ஏற்றது, மத்திய அரசு 2015இல் தொடங்கிய ‘சூரியமித்ரா’ பயிற்சி. சேர்ந்தால் மூன்று விஷயங்களில் கண்ணைப் பழக்குங்கள்:

• தென்னை ஓலையின் நிழல் ஒரு பேனல்மேல் விழுந்தாலே அந்த வரிசையின் மின்சாரம் குறையும். ‘மோட்டார் இழுக்கவில்லை’ என்று கூப்பிட்டால் முதலில் நிமிர்ந்து பாருங்கள்.

• பேனலை உச்சிவெயிலில் கழுவாதீர்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். காலையில் கழுவுவதே நல்லது.

• சுவிட்சை அணைத்துவிட்டாலும், பேனலிலிருந்து சுவிட்ச் வரையுள்ள வயரில் வெயில் அடிக்கும்வரை மின்சாரம் இருக்கும். மின்காப்புக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சோலார் டிரையர்

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மிகப் பொருத்தமான தொழில் இது. தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை 6, 7 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் நல்ல கொப்பரை. களத்தில் காயவைத்தால் நாளாகும். நடுவில் ஒரு மழை பெய்தால் பூசணம் பிடிக்கும். அதைத் தவிர்க்கக் கந்தகப் புகை போடுபவர்களும் உண்டு. வெயில் சூட்டைப் பிடித்து உலர்த்தும் கூடார டிரையருக்குள் தூசி, மழை, காக்கை எதுவும் வராது. காயும் நாளும் குறையும். முருங்கை இலையை நேர் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். மிதமான சூட்டில் உலர்த்தினால் பச்சை நிறம் நிற்கும். விலையைத் தீர்மானிப்பது அந்த நிறம்தான்.

மகாராஷ்டிரத்தின் எஸ்4எஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. கிராமத்துப் பெண்கள் சோலார் டிரையரில் காய்கறிகளை உலர்த்துகிறார்கள். நிறுவனம் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2023இல் அந்நிறுவனத்துக்கு எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. கருவியைக் கையில் கொடுத்ததோடு நிற்காமல், விற்பனைக்கும் வழி செய்ததுதான் அதன் பலம்.

டிரோன் பைலட்

பேட்டரி டிரோனில் பயிருக்கு மருந்து தெளிப்பதும் பட்டா கேட்காத வாய்ப்புதான். 10ஆம் வகுப்பு தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால், விமானப் போக்குவரத்து இயக்ககம் (டிஜிசிஏ) அங்கீகரித்த மையத்தில் பயின்று பைலட் சான்றிதழ் பெறலாம். மகளிர் குழுக்களுக்கான ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்தில் டிரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் உண்டு.

பணம் எங்கே?

உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிஎம்எஃப்எம்இ திட்டம், திட்டச் செலவில் 35 சதவீதம், தனிநபருக்கு 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. சோலார் டிரையர் மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். திட்டக் காலமும் மானிய விகிதமும் கடைசித் தேதியும் மாறக்கூடியவை. நேரில் உறுதிசெய்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

தொடங்கும் முன்

• வாங்கப்போகிறவர் யார், என்ன விலை? எழுத்தில் வாங்குங்கள்.

• ஆண்டில் எத்தனை மாதம் சரக்கு வரும்? கொப்பரை இல்லாத காலத்தில் மிளகாய், முருங்கை, வாழை எனப் பட்டியல் வைத்திருங்கள்.

• உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு கட்டாயம்.

• வங்கிக் கணக்கும் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் வேலை செய்பவர் பெயரிலேயே இருக்கட்டும். பெண் உழைத்து, கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தால் அடுத்த கடன் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது.

மானியம் கிடைக்கிறதே என்று கருவி வாங்காதீர்கள். முதலில் வாடிக்கையாளர், பிறகு பயிற்சி, கடைசியாகத்தான் கருவி. இந்த வரிசை மாறினால் டிரையர் வீட்டுக் கொல்லையில் விறகு அடுக்கத்தான் உதவும்.