சிறிய அறைக்குச் சிக்கனமான சரவுண்ட் ஸ்பீக்கர்: பார்த்து வாங்குவது எப்படி?



மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருந்தாலும் நாம் அதை அப்படியே வரவு வைப்பதில்லை. லாரியிலிருந்து இறக்கும்போது இரண்டு மூட்டையையாவது தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே கணக்கில் எழுதுகிறோம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகாயை முறித்துப் பார்க்கிறோம். இவ்வளவு விவரமான நாம், வீட்டுக்கு ஒரு மின்சாதனம் வாங்கப் போகும்போது மட்டும் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. கடை அடைத்த பிறகு அண்ணன் தம்பி இரு குடும்பமும் ஒன்றாக உட்காரும் இடம் அது ஒன்றுதான். ஒரு தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, பெட்டியில் '10,000 வாட்ஸ்' என்று போட்டிருந்த ஸ்பீக்கர் செட்டு ஒன்றை வாங்கி வந்தோம். முதல் நாள் படம் போட்டதும் ஜன்னல் கம்பியே அதிர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அம்மாவுக்கு ஒரு வசனம்கூடப் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். குறைத்தால், "என்னப்பா சொல்றான்?" என்று அம்மா வரிக்கு வரி கேட்டார்கள். பத்து நாளில் அவர்கள் படம் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்த இடம் காலியாக இருந்ததுதான் எங்களுக்கு உறுத்தியது. அதன் பிறகு விவரம் அறிந்தவர்களிடம் கேட்டும், கையால் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே பாடமாகத் தருகிறோம்.

5.1 என்றால் என்ன?

'ஐந்து' என்பது ஐந்து ஸ்பீக்கர்கள்: முன்னால் இடது, நடு, வலது, பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி இடது, வலது. 'புள்ளி ஒன்று' என்பது தாழ்ந்த அதிர்வு ஓசைக்கு மட்டும் உள்ள சப்ஊஃபர். திரையரங்குகளில் 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டலும், 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். முறையும் வந்தன. அந்த ஏற்பாட்டின் சிறிய வடிவத்தைத்தான் இன்று வீட்டு அறையில் வைக்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆறு பெட்டிக்கும் ஆறு தனித்தனி ஒலி போகிறது என்பதுதான். வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குப் போகும். மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்றவை பக்க ஸ்பீக்கர்களுக்குப் போகும். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஓசை வந்தால் அதற்குப் பெயர் சரவுண்ட் அல்ல.

வாட்ஸ் என்னும் படிக்கல்

பெட்டியின் மேல் 5,000, 10,000 என்று போடுவது பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு. இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பொது விதி எதுவும் கிடையாது. முத்திரை இல்லாத எடைக்கல்லைப் போன்றது இது. நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். கணக்கு, அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. அதிலும் '10 சதவீத சிதைவில்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், ஓசை கரகரக்கும் அளவுக்கு முடுக்கிவிட்டு எடுத்த எண் அது என்று பொருள். 1 சதவீதச் சிதைவில் அளந்தால் அந்த எண் குறைந்துவிடும்.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. பெட்டியின் பின்புறத் தகட்டில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ்' என்பதுபோல் அது இழுக்கும் மின்சாரம் குறிக்கப்பட்டிருக்கும். 60 வாட்ஸ் உள்ளே போகிற பெட்டியிலிருந்து தொடர்ச்சியாக 10,000 வாட்ஸ் எப்படி வெளியே வரும்? கொள்முதல் ஆறு மூட்டை, விற்பனை ஆயிரம் மூட்டை என்று ஒருவர் கணக்குக் காட்டினால் நாம் சிரிக்க மாட்டோமா? இதுவும் அப்படித்தான்.

மொத்த வாட்ஸை மட்டும் பார்த்தாலும் போதாது. 80 வாட்ஸ் என்றால் சப்ஊஃபருக்கு 40, மற்ற ஐந்துக்கும் ஆளுக்கு 8 என்று பிரிந்திருக்கலாம். பிரிவுக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

நமக்கு எவ்வளவு போதும்?

ஸ்பீக்கரின் விவரத் தாளில் 'சென்சிடிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஓசை வரும் என்பதே அது. 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். ஆகவே 2 மீட்டரில், அதாவது சுமார் ஆறரை அடியில், 80 டெசிபல். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான். அப்படியானால் ஒரே ஒரு வாட் நம் அறைக்குப் பெரும்பாலான நேரம் போதுமானது!

10 வாட்ஸ் கொடுத்தால் 90 டெசிபல். அதை 20 ஆக்கினால் 93 மட்டுமே. சக்தி இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு சக்தி வேண்டும். எனவே சிறிய அறைக்கு ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையான 15 முதல் 25 வாட்ஸ் இருந்தால் தாராளம். 100 வாட்ஸை 150 ஆக்கக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு.

செவியின் நலமும் முக்கியம். 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஓசை கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறைந்துவிடும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. நாம் படம் பார்ப்பதே கடை அடைத்த பிறகுதான் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்து பெட்டி இருந்தால் ஐந்து வழி ஆகாது

நாங்கள் ஏமாந்த முக்கிய இடம் இதுதான். மலிவான பல செட்டுகளில் புளூடூத், யு.எஸ்.பி., ஆக்ஸ் என்ற வழிகள் மட்டுமே இருக்கும். ஆக்ஸிலும் புளூடூத்திலும் வருவது இடது, வலது என்ற இரண்டு வழி ஒலிதான். அதையே ஐந்து பெட்டிக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். வசனம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே சமயத்தில் வந்து குழம்புகிறது. எங்கள் அம்மாவுக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் அவர்கள் காது அல்ல. நாங்கள் வாங்கிய பெட்டிதான்.

உண்மையான ஐந்து வழி ஒலி வர வேண்டுமானால், பெட்டியின் பின்புறம் 'எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.' என்று எழுதிய துளையோ, 'ஆப்டிகல்' துளையோ இருக்க வேண்டும்; கூடவே டால்பி டிஜிட்டலைப் பிரித்தறியும் வசதியும் இருக்க வேண்டும். நம் டி.வி.யிலும் அதே துளை இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். படமும் ஐந்து வழியில் பதிவானதாக இருப்பது அவசியம். டி.வி. சேனல்களில் வரும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இரண்டு வழிதான்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் வரிசையாகச் சொல்லும் சோதனைப் பதிவைப் போடச் சொல்லுங்கள். 'வலது பின்' என்று வரும்போது அந்த ஒரு பெட்டி மட்டும் பேச வேண்டும். எல்லாம் சேர்ந்து பேசினால் மரியாதையாக எழுந்து வந்துவிடலாம்.

அறைதான் பாதி ஸ்பீக்கர்

மூட்டை நிறைந்த கோடவுனில் பேசினால் குரல் அடங்கித் தெளிவாகக் கேட்கும். சரக்கு காலியான கோடவுனில் அதே குரல் எதிரொலிக்கும். இது நமக்குத் தினசரி அனுபவம். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறை காலிக் கோடவுன் மாதிரி. கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், சுவரோரம் மெத்தை, சாமான் நிறைந்த புத்தக அலமாரி இவற்றைச் சேர்த்தாலே வசனம் தெளியும். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

வைக்கும் முறை வருமாறு:

1. பத்தடிச் சுவரில் டி.வி. இருந்தால், முன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் 6 முதல் 7 அடி இடைவெளியில் வையுங்கள். உட்காருமிடம் இரண்டுக்கும் சம தூரத்தில், 7 முதல் 8 அடியில் இருக்கட்டும்.

2. நடு ஸ்பீக்கர் டி.வி.க்கு நேர் கீழே. அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளாமல் விளிம்பில் வைத்து, உட்கார்ந்திருப்பவர் காதை நோக்கிச் சற்று நிமிர்த்துங்கள்.

3. பக்க ஸ்பீக்கர்களை நேர் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ, காதுக்கு ஓரிரு அடி மேலே பொருத்துங்கள். முன்பக்க மூலையில் அழகுக்காக மாட்டினால் பயனில்லை.

4. இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். ஓரிரு அடி முன்னே இழுத்தால் முழக்கம் குறையும்.

5. சப்ஊஃபரை மூலையில் திணித்தால் சத்தம் பெருகும், தெளிவு குறையும். பன்னிரண்டு அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஓசை இயல்பாகவே முழங்கும். பத்தடி அகலத்துக்குச் சுமார் 56. சரியான இடம் காண ஒரு வழி: சப்ஊஃபரை நாம் உட்காருமிடத்தில் வைத்துப் பாட்டுப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே ஓசை சீராகக் கேட்கிறதோ, அங்கே அதை வையுங்கள்.

6. வயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் தாழ்ந்த ஓசை பலவீனமாகும்.

பணத்தைப் பங்கிடுவது

கையில் இருப்பது 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையான 5.1 கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால், நல்ல இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் உள்ள 2.1 செட்டே மேல். தரம் குறைந்த ஐந்து பெட்டியைவிடத் தரமான இரண்டு பெட்டி நன்றாகப் பேசும். வயர், சுவரில் மாட்டும் கொக்கி, ஜமக்காளம் ஆகியவற்றுக்கும் ஓர் ஆயிரத்தை ஒதுக்கி வையுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது சண்டைக் காட்சியைப் போட்டுக் கேட்காதீர்கள். எந்தப் பெட்டியும் அதில் அசத்தும். இருவர் மெதுவாகப் பேசும் காட்சியைக் குறைந்த சத்தத்தில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் அது நல்ல பெட்டி. நடு ஸ்பீக்கரை மட்டும் தனியே கூட்டும் வசதியும், இரவு நேரத்துக்கென்று வெடியோசையை அடக்கும் 'நைட் மோடு' வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம் வருடம், புகார் தொலைபேசி எண் இவை இருக்க வேண்டும் என்ற விதி நமக்கே பாடம். பி.ஐ.எஸ். பதிவு எண்ணையும் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில்லும், தேதியிட்டு முத்திரை வைத்த வாரண்டி அட்டையும் கட்டாயம் வாங்குங்கள். இன்னொன்று: வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளைக் கடைக் கணக்கில் காட்டி உள்ளீட்டு வரி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. சிறிய தொகைக்கு ஆசைப்பட்டு நோட்டீசுக்குப் பதில் எழுதும் நிலை வேண்டாம்.

நாங்கள் அடுத்த முறை வாங்கியது பெட்டியில் 'ஆயிரம்' என்ற சொல்லே இல்லாத ஒரு செட்டு. நடு ஸ்பீக்கரை மூன்று புள்ளி கூட்டி, நைட் மோடில் வைத்திருக்கிறோம். முன்பு வைத்ததில் பாதிச் சத்தம்கூட இல்லை. அம்மா மறுபடியும் தம் பழைய இடத்தில் வந்து உட்காருகிறார்கள். இப்போது கதையை எங்களுக்கு அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். பழைய செட்டை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வராமல் கோடவுனில் பாட்டுக் கேட்க வைத்திருக்கிறோம்.

நம் கடைக்கு வருபவர் நம் தராசை நம்பி வருகிறார். நாமும் பிறர் கடைக்குப் போகும்போது அச்சடித்த எண்ணை நம்பாமல், அளவு எது, அளந்த முறை எது என்று கேட்டு வாங்குவோம். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால், நேர்மையாக விற்கும் வணிகருக்கும் அதுவே பலம்.