வினாத்தாளை இனி நீங்களே அடிக்கலாம்

பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய வினாத்தாளை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். உள்ளே இருப்பதும் அவைதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. அதனால் தமிழில் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. தட்டச்சையும் தேடலையும் தனித்தனியாகக் கற்காதீர்கள் என்பேன். தமிழ் எழுத்தையே உள்ளே வைக்கும் யூனிகோடில் அடித்தது மட்டுமே பின்னால் தேடக் கிடைக்கும். தமிழக அரசும் 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது.

முதலில் விசைப்பலகை. விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, 'தமிழ் 99' தேர்ந்தெடுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' வேண்டுமென்றால் அ, ம, ம, ஆ தட்டினால் போதும், புள்ளி தானே விழும். தங்கிலீஷில் பழகியவர்கள் கொஞ்ச நாள் திணறுவார்கள், பரவாயில்லை.

அடுத்தது தேடல். சேலம் மாவட்டம் வாழப்பாடியில் நான்காம் வகுப்புக்கு அந்தப் பகுதி ஆறான வசிஷ்ட நதியைப் பாடமாக்குவதாக வையுங்கள். வெறும் 'நதி' என்றால் கங்கை வரை வந்து நிற்கும். வசிஷ்ட நதி என்பதை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, வெளியே கரையோர ஊரான பேளூர் என்று சேருங்கள். புராணக் கதைகள் குறுக்கிட்டால் கழித்தல் குறி போட்டு, இடைவெளி விடாமல் 'முனிவர்' என்று அடியுங்கள். பிடிஎஃப் மட்டும் வேண்டுமா? ஃபைல்டைப் என ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டியே பிடிஎஃப் என்று சேருங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது வாழப்பாடியின் ழ-வுக்கு 'இசட் எச்' போட்டு ஒரு முறை, 'எல்' போட்டு ஒரு முறை பாருங்கள். இந்த ஆறு சுவேத நதியோடு கலந்து வெள்ளாறாகிறது. இப்படிப்பட்ட தகவலை ஒரே பக்கத்தை நம்பி எடுக்காமல், அரசு இணையதளத்திலும் ஒத்துப் பாருங்கள்.

இனி லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர். காசில்லாமல் கிடைக்கிறது. மதிப்பெண்ணை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி ஓட்டுவதுதான் எல்லாரும் செய்கிற காரியம். எழுத்தளவை மாற்றியதும் வரி கோணிவிடும். ரூலரின் இடது முனையில் வலது டேப்பைத் தேர்ந்து, ஓரத்தில் ஒரு சொடுக்கு. பிறகு டேப் விசையைத் தட்டினாலே எண் அங்கே போய் உட்காரும். 'பொருத்துக' கேள்விக்கு இரண்டு பத்தி அட்டவணை போட்டு, கோடுகளை எடுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது வடிவமில்லாத உரையாக ஒட்டுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப் கொண்டுபோங்கள். மூலக் கோப்புக்கு வகுப்பு, பாடம், பருவம், ஆண்டு என்று பெயர் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு திருத்த அதுதான் தேவைப்படும்.