இதில் எது நான்?

கேள்வி: எனக்கு வயது 36. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாதத்தில் பாதி நாள் நன்றாகத்தான் இருக்கிறேன்; சமைக்கும்போது பாட்டுக்கூட வரும். தேதிக்கு எட்டுப் பத்து நாள் முன்பிருந்து வேறு ஆளாகிவிடுகிறேன். ஸ்பூன் கீழே விழுந்தால்கூட ஆத்திரம், அப்புறம் பாத்ரூமில் போய் அழுகை. பிடித்தது எதுவும் பிடிப்பதில்லை. போன மாதம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, இப்படியே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. மாதவிலக்கு வந்த மறுநாளே எல்லாம் கலைந்துவிடுகிறது. ஹார்மோன் டெஸ்ட்டில் 'எல்லாம் நார்மல்' என்றார்கள். 'வேலைக்குப் போகிற திமிர்' என்கிறார் கணவர். ஒன்பது வயது மகள் காலையில் எழுந்ததும், "இன்னைக்கு நல்ல அம்மாவா?" என்று கேட்கிறாள். இதில் எது நான், டாக்டர்?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: டீச்சர், மொட்டை மாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். துணி உலர்த்துவதோடு சேர்த்து அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். நாலு நாளில் சரியாகிவிடும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. அம்மாவோ அக்காவோ, ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். மறுபடி தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். 14416, டெலி மானஸ்: அரசின் இலவச எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனாலும் உங்கள் கடிதம், மாதவிலக்குக்கு முன் மனநிலையைக் குலைக்கும் பி.எம்.டி.டி. என்ற நோயின் பக்கம்தான் கை காட்டுகிறது. எல்லாரும் பேசும் பி.எம்.எஸ்.ஸை விட மிகக் கடுமையானது, நூறு பெண்களில் சிலருக்குத்தான் வரும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதை மனச்சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது.

'நார்மல்' என்ற அந்த ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் உங்கள் கட்சி தோற்றிருக்கும். இந்த நோயில் ரிப்போர்ட் நார்மலாகத்தான் இருக்கும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிலக்குக்கு முன் கடுமையாக அவதிப்படும் பெண்களுக்கு ஊசி போட்டுச் சினைப்பையின் சுரப்பை நிறுத்தினார்கள். பலருக்கு மனம் தெளிந்தது. தெளிந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்ரோனையோ திரும்பக் கொடுத்ததும் பழைய அவதி வந்துவிட்டது. இந்தப் பிரச்சினை இல்லாத பெண்களுக்கும் அதே ஊசி, அதே ஹார்மோன். அவர்கள் மனநிலையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, ரத்தத்தில் ஓடுவது எல்லாருக்கும் ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளும் மூளை வேறு. உங்கள் லேப் அளந்தது ரத்தத்தை.

மூளையில் என்ன நடக்கிறது? சினைமுட்டை வெளியானபின் புரோஜெஸ்ட்ரோன் ஏறும். அது உடைந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாகிறது (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, நானும் படிக்கும்போது திணறினேன்). மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற அமைப்பின் மேல் இது வேலை செய்யும். தூக்க மாத்திரைகள் பலவும் பிடிக்கிற இடம் அதுதான். பொதுவாக, பதற்றம் ஏறும்போது இதுவே பிரேக். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, சிலருக்கு நேர்மாறாக எரிச்சலைக் கிளப்பிவிடுகிறது. ஸ்பூன் விழுந்த சத்தம் இடி மாதிரி கேட்பது அதனால்தான்.

பாட்டு நின்றுபோவதற்கு வேறு கணக்கு. மாதத்தின் முதல் பாதியில் ஏறும் ஈஸ்ட்ரோஜன், இன்பத்தையும் ஆவலையும் தூண்டும் டோபமைனுக்குக் கை கொடுக்கிறது. 2007-இல் வந்த ஒரு ஸ்கேன் ஆய்வில், பரிசு கிடைக்கும்போது பெண்களின் மூளை மாதத்தின் பின்பாதியை விட முன்பாதியில் அதிகம் கிளர்ந்தது. கடைசி வாரத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. எல்லாப் பெண்களுக்கும் இறங்குவதுதான். பெரும்பாலோருக்கு அது தெரிவதே இல்லை. உங்களுக்குப் படி தவறிய மாதிரி ஆகிறது.

இனி வைத்தியம். ஒரு நோட்டு போடுங்கள். தினம் ராத்திரி கோபம், அழுகை, பதற்றம், ஆர்வம், தூக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆறுக்கு மார்க். இரண்டு மாதம் தொடர்ந்து, நல்ல நாட்களிலும். ஞாபகத்தை நம்பி எந்த நல்ல டாக்டரும் இந்த நோயை உறுதி செய்ய மாட்டார். மாதம் முழுக்க மார்க் மோசமாக இருந்தால் அது வேறு மனச்சோர்வு, கடைசி வாரத்தில் கூடுகிறது என்று பொருள். அதற்கு வைத்தியமும் வேறு. தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள்.

உறுதியானால், செரோடோனினைக் கூட்டும் மாத்திரைகள்தான் முதல் மருந்து. சாதாரண மனச்சோர்வில் இவை கேட்க வாரக்கணக்கில் ஆகும். இதில் சில நாட்களிலேயே கேட்கும். அதனால் மாதத்தின் பின்பாதிக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. 'வாழ்நாள் முழுக்க மாத்திரையா' என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஒருவகைக் கருத்தடை மாத்திரையும் உதவும், ஆனால் 35 தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் ஆபத்தெல்லாம் பார்த்துத்தான். கால்சியம் பற்றிக் கேட்பீர்கள். 1998-இல் ஒரு பெரிய ஆய்வில், சாதாரண பி.எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கொடுத்தபோது அவதி 48 சதவீதம் குறைந்தது; மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கே 30 சதவீதம் குறைந்தது. கீரையும் மோரும் சாப்பிடுங்கள், அதை நம்பி டாக்டரைத் தள்ளிப் போடாதீர்கள்.

எது நான் என்று கேட்டீர்கள். பாடுகிறவரும் நீங்கள், பாத்ரூமில் அழுகிறவரும் நீங்கள். அந்த நாட்களில் வரும் கோபமெல்லாம் நோய் என்று ஒதுக்கவும் மாட்டேன். 'வேலைக்குப் போகிற திமிர்' என்ற சொல்லுக்கு மாதத்தின் எந்தத் தேதியிலும் கோபம் வரலாம். எந்தெந்தக் கோபம் 5-ஆம் தேதியும் இருக்கிறது, எது 25-ஆம் தேதி மட்டும் வருகிறது என்று நோட்டு காட்டிவிடும். டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். நோட்டை அவரே புரட்டிப் பார்க்கட்டும்.

மகளிடம், "அம்மாவுக்கு மாசத்துல சில நாள் உடம்பு முடியாது, உன்மேல கோபமில்ல" என்று சொல்லுங்கள். நல்ல நாளில் சொல்லுங்கள். இன்னும் மூன்று நாலு வருஷத்தில் அவளுக்கும் இதைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டியிருக்கும்.