வியாழக்கிழமை நீல மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போவது ஏன்?



போன ஜூலை மாதம் எங்க வகுப்புக்கு வளாகம் சுத்தம் செய்யும் முறை வந்தது. கட்டடத்துக்குப் பின்னால், செம்பருத்திச் செடி மறைவில் பெருக்கும்போது விளக்குமாற்றில் நீல நீலமாக ஏதோ மாட்டியது. மழையில் பாதி கரைஞ்சு மண்ணெல்லாம் நீலம். எண்ணிப் பார்த்தேன். 41 மாத்திரை. எல்லாம் வியாழக்கிழமை டீச்சர் நம்ம கையில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. யார் வீசினது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஏன்னா அதில் மூணு என்னுடையது.

டீச்சர் "முழுங்கிட்டியா?" என்று கேட்டால் வாயைத் திறந்து காட்டுவேன். மாத்திரை நாக்குக்கு அடியில் இருக்கும். ஒரு தடவை சாப்பிட்டு வயிறு புரட்டியது, அதுதான் காரணம். அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. என் ஹீமோகுளோபின் 8.9. நம்ம வயசுப் பெண்ணுக்கு 12 இருக்கணும். 11-க்குக் கீழே போனால் நடுத்தர ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. டாக்டரம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பல்பம் தின்பியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது!

அதனால்தான் இந்தக் கட்டுரை. அறிவியல் டீச்சரிடம் கேட்டும், புத்தகம் பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

முதலில் பல்பம் விஷயம். பல்பம், சாக்பீஸ், பச்சரிசி, திருநீறு, செங்கல் தூள், மண் வாசனை இதெல்லாம் வேணும்போல இருப்பது கெட்ட பழக்கம் மட்டும் இல்லை. உடம்பில் இரும்பு குறைந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது உண்டு. இரும்பு ஏறினால் ஆசை தானாகக் குறைந்துவிடும். அடி வாங்கி நிறுத்தவே முடியாத எனக்கு இரண்டே மாதத்தில் நின்றுபோனது. நம்ம வகுப்பில் யார் யார் டப்பாவில் பச்சரிசி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். பயப்படாமல் போய் ரத்தம் பாருங்கள்.

இரும்பு நம் உடம்பில் என்ன செய்கிறது?

ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணு. நாம் இழுக்கிற மூச்சில் உள்ள ஆக்சிஜனை இந்த இரும்புதான் பிடித்துக்கொண்டு போய் மூளைக்கும் காலுக்கும் கொடுக்கிறது. இரும்பு குறைந்தால் பிடிப்பதற்கு ஆள் இல்லை. அதனால்தான் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, பிரேயரில் தலை சுற்றுகிறது, நாலாவது பீரியடில் போர்டில் உள்ள கணக்கு கண்ணுக்குத் தெரியும், மண்டையில் ஏறாது. "சோம்பேறி" என்று நமக்குப் பெயர் வரும். எனக்கு வந்தது.

நம் உடம்பில் மொத்தம் இருக்கும் இரும்பே 3 கிராம் அளவுதான். ஒரு சின்ன ஆணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அது இறந்தாலும் அதில் உள்ள இரும்பை உடம்பு வீணாக்காது, எடுத்துப் புது அணுவுக்குப் போட்டுக்கொள்ளும். பழைய இரும்புக் கடைக்காரர் மாதிரி. ஆனால் ரத்தம் வெளியே போனால் இரும்பும் சேர்ந்து போய்விடும். 1 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. ஒரு மாதவிலக்கில் 30, 40 மில்லி ரத்தம் போனால் 15 முதல் 20 மில்லிகிராம் போச்சு. அதிகம் போகிறவர்களுக்கு இன்னும் நஷ்டம். ஆண்களுக்கு இந்தச் செலவு கிடையாது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் வெளியிட்ட அளவில், வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு, பெண்ணுக்கு 29 என்று இருக்கிறது. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 30. 16 முதல் 18 வயதுக்கு 32. அதாவது வீட்டில் அப்பாவை விட நமக்குத்தான் இரும்பு அதிகம் வேண்டும்!

ஆனால் எங்க வீட்டில் நடப்பது என்ன? முதலில் அப்பா, தாத்தா, தம்பி சாப்பிடுவார்கள். பிறகு நான். கடைசியில் அம்மா. குழம்பில் கிடந்த முட்டை, மீன் எல்லாம் அதற்குள் தீர்ந்திருக்கும். அம்மா தட்டில் சோறு, ரசம், ஒரு ஊறுகாய். "எனக்கு இதுவே போதும்டி" என்பார். இதை எழுதும்போது அம்மா மேல் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு என்றால் கணக்குதானே. தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதும் 57. நம் தெருவில் இரண்டு அம்மா நின்று பேசினால் அதில் ஒருவருக்கு என்று அர்த்தம்.

சாப்பிட்ட இரும்பு எல்லாம் ஏறாது

இதுதான் எனக்குப் புதுச் செய்தி. நம் சாப்பாட்டில் உள்ள இரும்பில் நூற்றுக்கு 8 பங்குதான் ரத்தத்தில் சேரும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 30 மில்லிகிராம் சாப்பிட்டால் சேருவது 2.4. மீதி வெளியே போய்விடும். கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பு மெதுவாகத்தான் சேரும். ஈரல், கறி, மீன், ஆட்டுச் சுவரொட்டி இதில் உள்ளது சீக்கிரம் சேரும். பாட்டிமார் வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுப்பது சும்மா இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா. இவற்றில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்பைச் சேரும்படி மாற்றிக் கொடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியலும், சத்துணவில் கிடைக்கும் சுண்டலும் சாப்பிட்டு அதே வேளையில் பாதி கொய்யா தின்றால் லாபம். பள்ளி வாசலில் பாட்டி விற்கும் மிளகாய்த்தூள் போட்ட நெல்லிக்காய்க்கு இனி யாரும் திட்டாதீர்கள்!

எதிரி யார் தெரியுமா? டீ, காபி. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தால் அதில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், சேர வேண்டியதில் பாதிக்கு மேல் வீண். காலையில் ரெண்டு இட்லியும் டீயும் சேர்த்துச் சாப்பிடுவது எங்க வீட்டு வழக்கம். டீயை விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பாலும் கால்சியம் மாத்திரையும்கூட இரும்பு மாத்திரையோடு சேரக் கூடாது.

இன்னொன்று, பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று சொல்வார்கள். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தம் கிடையாது. வெல்லத்தில் இரும்பு உண்டு, ஆனால் கடலைமிட்டாய் ஒன்றில் எவ்வளவு வெல்லம் இருக்கும், நீங்களே யோசியுங்கள். சாப்பிடலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

நீல மாத்திரைக்குள் என்ன?

இரண்டு மருந்து. இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரையில் இரும்பு 45. கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள்.

இந்த ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு விதமான ரத்தசோகை வந்து இறந்துபோனார்கள். கிருமியா என்று தேடினார், இல்லை. அவர்கள் சாப்பாட்டை ஆராய்ந்தார். 1929-ல் நம் நீலகிரி குன்னூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்திலும் சில மாதம் எலிகளை வைத்துப் பார்த்தார். பிறகு பம்பாயில் ரத்தசோகை வந்த குரங்குக்கு, மலிவாகக் கிடைத்த ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார். சாகக் கிடந்த குரங்கு எழுந்தது. பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் எழுதி வெளியிட்டார். அதற்குள் இருக்கும் பொருள் என்ன என்று அப்போது தெரியாது, "வில்ஸ் காரணி" என்றே சொன்னார்கள். 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர், அதனால் ஃபோலிக் அமிலம். 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது சுப்பாராவ் தலைமையில் இருந்த ஆய்வுக்கூடம். அவர் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆக, டீச்சர் கொடுக்கும் மாத்திரைக்குக் குன்னூருக்கும் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. நான் அதைத்தான் செம்பருத்திக்குப் போட்டேன்!

கர்ப்பத்தில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் முதல் 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். அப்போது தாய்க்குத் தான் கர்ப்பம் என்றே பெரும்பாலும் தெரியாது. தெரிந்த பிறகு மாத்திரை தேடினால் இந்த வேலைக்கு நேரம் தாண்டிவிடும். அதனால் திருமணமான அக்கா, அண்ணி யாராவது குழந்தைக்கு எதிர்பார்த்திருந்தால் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமிலம் கேட்கச் சொல்லுங்கள்.

நம்ம பள்ளியில் சுற்றும் புரளிகள்

"இது குழந்தை பிறக்காமல் செய்யும் மாத்திரை." இதைச் சொன்னவர் யாரோ தெரியாது. அதே இரண்டு மருந்தைத்தானே கர்ப்பிணிகளுக்கு 180 நாள் கொடுக்கிறார்கள்?

"மலம் கறுப்பாகப் போகுது, விஷம்." சேராத இரும்பு வெளியே போகிறது, அவ்வளவுதான்.

"வயிறு புரட்டுது." இது மட்டும் உண்மை. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும். நான் காலையில் சாப்பிடாமல் பஸ் பிடிக்க ஓடி வருகிற ஆள். அதனால்தான் டீச்சர் மதியம் சாப்பிட்ட பிறகு கொடுக்கிறார். கடித்துச் சாப்பிடாமல் நிறையத் தண்ணீரோடு முழுங்கினால் அந்தத் துரு வாசனையும் தெரியாது. முதல் சில வாரம் கொஞ்சம் புரட்டினாலும் போகப் போகப் பழகிவிடும்.

வாரம் ஒன்று என்பது ரத்தசோகை வராமல் தடுக்க. ஏற்கெனவே வந்தவர்களுக்கு அது போதாது, மருத்துவர் தினமும் கொடுப்பார். எனக்கும் அப்படித்தான். நாமாகக் கூட்டிப் போடக் கூடாது. வீட்டில் தம்பி தங்கை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சின்னக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு பி12 குறைவாலும், பரம்பரையாலும் ரத்தசோகை வரும். மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். கொக்கிப்புழு செருப்பில்லாத காலின் தோல் வழியாக நுழைந்து குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நாம் இரும்பு ஊற்ற ஊற்ற அது ஒரு பக்கம் உறிஞ்சினால் என்ன பிரயோஜனம்? கழிப்பறைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் 6-ஆம் வகுப்புத் தங்கைகள் கவனிக்க.

டப்பா பவுடர் பற்றி ஒரு வார்த்தை. எங்க அத்தை டிவி விளம்பரம் பார்த்து 480 ரூபாய்க்கு ஒரு சத்து மாவு டப்பா வாங்கி வந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை நான் படித்துக் காட்டினேன். முதலில் சர்க்கரை எவ்வளவு, அடுத்து ஒரு ஸ்பூனில் இரும்பு எவ்வளவு என்று பார்த்தோம். அத்தை பேசவே இல்லை. எல்லா டப்பாவும் ஏமாற்று என்று சொல்லவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். முடி வளர, நிறம் வர என்று விற்கிற மாத்திரைகளை மட்டும் யாரும் தொடாதீர்கள். வைட்டமின் ஏ போன்ற சிலது தேவைக்கு மேல் போனால் உடம்பிலேயே தங்கிக் கெடுதல் செய்யும்.

நவம்பரில் எனக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். 11.2. இன்னும் 12 ஆகவில்லை. ஆனாலும் ஏறிய பிறகு உடனே நிறுத்தக் கூடாதாம், கல்லீரலில் சேமிப்பு நிரம்பக் கொஞ்ச நாள் ஆகும் என்று நர்ஸம்மா சொன்னார். விளையாட்டு டீச்சர், நான் இப்போது மைதானத்தை நாலு சுற்று நிற்காமல் ஓடுகிறேன் என்பதற்குச் சாட்சி.

அம்மாவைத்தான் இன்னும் கூட்டிப்போக முடியவில்லை. "எனக்கு என்னடி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். படி ஏறினால் சுவரைப் பிடித்து நிற்கிறார். வரும் செவ்வாய் நூறு நாள் வேலை இல்லையாம், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை எங்க வீட்டில் ஒரு மாற்றம் மட்டும் நடந்திருக்கிறது. குழம்பு முட்டையை அம்மாவுக்கு ஒன்று எடுத்து மூடி வைப்பது என் வேலை. தம்பி கேட்டாலும் கொடுப்பதில்லை.

— 9 'ஆ' பிரிவு மாணவி