மேடை உயரமும் மாவரைக்கும் இடமும்

அன்புள்ள பூங்குழலி,

நீ அனுப்பிய சமையலறை வரைபடத்தைப் பார்த்தேன். கூடத்தோடு சேர்ந்த திறந்த சமையலறை, மாடுலர் அலமாரி, பழமைக்கென்று மேடைமேல் ஆத்தங்குடிக் கல், பித்தளைக் கைப்பிடி. அழகுதான். ஆனால் பழசும் புதுசும் பார்வையில் சேர்ந்தால் மட்டும் போதாது, கண்ணு. உன் கைவேலையில் சேர வேண்டும்.

மாடுலருக்கு மூலம் 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் இருக்கிறது. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் புதுக் குடியிருப்புகளுக்காக அங்கே ஒரு சமையலறையை வடிவமைத்தார். அந்த ஊர்ப் பெண் சமைக்கும்போது எத்தனை எட்டு நடக்கிறாள், எதை எப்போது எடுக்கிறாள் என்றுதான் முதலில் பார்த்தார். அதிலிருந்து வந்தவைதான் உட்கார்ந்து நறுக்கச் சுழல் முக்காலி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தள்ளுகதவு, அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். நம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதும் அதே எண்ணம்தான். நாம் அந்தத் தோற்றத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம். அவர் கேட்ட கேள்வியை நம் சமையலிடம் கேட்கவில்லை.

கேட்டால் முதலில் வருவது மாவு. கோவை வெட் கிரைண்டரில் கல் அப்படியே இருக்கிறது, ஆட்டும் வேலை மட்டும் மோட்டாருக்குப் போய்விட்டது. பழசும் புதுசும் சேர்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. புவிசார் குறியீடும் பெற்ற பொருள். உன் வரைபடத்தில் அதற்கு இடமே இல்லை. கீழ் அலமாரிக்குள் போனால் அந்தக் கனத்தைக் குனிந்து தூக்கச் சலித்து, கடை மாவுக்குப் போய்விடுவாய். யுடிலிட்டியில் இரண்டடி உயரத்தில் ஒரு கருங்கல் திட்டு, பக்கத்தில் பிளக், குழாய், கீழே வடிகால் வை. யுடிலிட்டி என்பது நம் பழைய பின்கட்டுதானே.

பழைய அடுக்களை பெண்களைப் புகையில் வாட்டியதே என்பாய். உண்மைதான். விறகுப் புகையையும் நாள் முழுக்கக் குந்தியிருந்ததையும் நான் பாரம்பரியம் என்று போற்றமாட்டேன். கேஸ், குக்கர், மிக்ஸி எல்லாம் இருக்கட்டும். ஆனால் அடுக்களையைக் கொல்லைக் காற்று வரும் பக்கம் வைத்ததற்குக் காரணம் இருந்தது. இன்றும் கடுகு வெடிக்கிறது, மிளகாய் வறுபடுகிறது. திறந்த சமையலறையில் அந்த நெடியில் கூடமே இருமும். சோபாத் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். கண்ணாடித் தள்ளுகதவு போடு, சிம்னிக் குழாயை வெளிச்சுவர் தாண்டிக் கொண்டுபோ. ஃபிளாட்டில் இதற்கெல்லாம் இடமேது என்றால், பிராங்க்ஃபர்ட் சமையலறையே 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், சுமார் 70 சதுர அடிதான்.

நம் சமையலில் தண்ணீர்ப் புழக்கம் அதிகம். சிங்க் அடியில் பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பிவிடும். அங்கே கடப்பைக் கல் தட்டு வைத்து, கதவை மட்டும் புது மோஸ்தரில் போடு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. புளிக்கரைசல் சிந்திக் கிடந்தால் மேல்நிறத்தை அரிக்கும். அதைச் சாப்பாட்டுக் கூடத்துத் தரைக்குக் கொடு, மேடைக்கு கிரானைட்.

ஆசாரி வருவதற்குள் ஒன்று செய். வெறுங்காலோடு நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள். நறுக்கும் மேடை அதைவிட நான்கைந்து அங்குலம் தாழ இருக்கட்டும். அடுப்பு மேடை இன்னும் கொஞ்சம் தாழட்டும். பெரிய பாத்திரத்தில் சாம்பார் கிளறும்போது தோள் தூக்கக் கூடாது. மாப்பிள்ளையும் சமைக்கிறவர் ஆயிற்றே, அவர் அளவையும் சேர்த்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா